பூவாயிக்கு வெட்டிய குழி

“மண்ணு திங்காத உடம்பு சித்தர் உடம்புதானே, தாயே?”

மருதையன் மூச்சு வாங்க நின்றான். அறுபது வயது அவனுக்கு. அவன் குருவாகக் கும்பிடும் சாமியம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது.

“யாரு உடம்பு?”

“எங்கப்பா உடம்பு. புதைச்சு ஏழு வருசமாச்சு. இன்னைக்கு வெள்ளன எங்கம்மா பூவாயி போயிருச்சு. அவரு குழியிலயே என்னை வையி, அவரோட ஒரே மண்ணாக் கலந்துறணும்னு சொல்லியிருந்துச்சு. அதான் தொறந்தோம்.”

புருஷனையும் பெண்டாட்டியையும் சொந்த வெள்ளாமைக் காட்டில் ஒரே குழியில் வைப்பது அவர்கள் வழக்கம். பழைய எலும்பை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் புது உடம்பை இறக்குவார்கள். இன்று ஒதுக்க எலும்பு இல்லை. முழு ஆளே கிடந்தார். கோடித்துணியில் ஒரு பொத்தல்கூட இல்லை.

செத்தவரைச் சித்தராக்க நம் ஜனங்களுக்கு அதிக நேரம் ஆகாது. சாமியம்மா காட்டுக்கு வந்து சேர்வதற்குள் குழி மேட்டில் சூடம் எரிந்தது. சமாதிக்குச் செங்கல் எங்கே எடுப்பது என்ற பேச்சும் நடந்தது.

அவள் குழியை எட்டிப் பார்த்தாள். கும்பிடவில்லை. மம்பட்டியை வாங்கிப் குழியை ஒட்டிய விதைப்பு நிலத்தில் வெட்டினாள். வெட்டு இறங்கவில்லை. கைதான் வலித்தது.

பத்து இடத்தில் வெட்டினாள். ஒவ்வொரு கட்டியையும் உடைத்துப் பார்த்தாள்.

“என்ன தேடுறீங்க, தாயே?”

“மண்புழு.”

“அது இங்க ஏது? நான் சின்னப்புள்ளையில பாத்தது. மண்ணைத் தின்னு தின்னு கீழமேலாக் கலக்கிக்கிட்டே கெடக்கும்.”

“இப்ப மழை பேஞ்சா?”

“உள்ள இறங்காது. மேலயே நின்னு ஓடிரும்.”

“என்ன போடுற?”

“உப்பு உரம், புழு பூச்சி சாகக் குருணை மருந்து. எல்லாம் அப்பா பழக்கிவிட்டது.”

சாமியம்மா கையைத் தட்டிக்கொண்டாள். “அம்மாவை இங்க வைக்காத.”

மருதையனுக்குக் கோபம் வந்துவிட்டது. “பெத்தவ கடைசியாக் கேட்டது தாயே! அவரோட கலக்கணும்னு கேட்டுச்சு!”

“சரி. யாருப்பா கலந்து விடுவா?”

மருதையன் உடைந்து கிடந்த கட்டிகளைப் பார்த்தான்.

பிறகு அவள் கையிலிருந்த மம்பட்டியைப் பிடுங்கினான். வெட்டினான். நகர்ந்து நகர்ந்து வெட்டினான்.

வீட்டிலிருந்து ஆள் வந்தது. “பொழுது சாயுது மாமா. எடுத்துரலாமா?”

“செத்த இருங்கடா” என்றான் மருதையன், அழுதுகொண்டே. “ஒண்ணாச்சும் இருக்கும்.”