ஒரு கிண்ணம் நீலம்

விமானப் பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில் பெனிட்டாதான் தலைமை மெக்கானிக். வயது முப்பத்து நான்கு. அவளிடம் வேலை கற்க வந்த சங்கிலிக்கு ஐம்பத்தொன்று. இருபது வருஷம் பஸ் டெப்போவில் இருந்தவர். விமானம் பறக்கும் முன் நிரப்பும் சோதனைச் சீட்டில் இனி அவரே தனியாகக் கையெழுத்துப் போடலாமா என்று அன்று காலை அவள் முடிவு செய்ய வேண்டும்.

சங்கிலி பயிற்சி விமானத்தின் இறக்கைக்குக் கீழே குனிந்து, டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்தார். விமான பெட்ரோலுக்கே உரிய இளநீலம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தண்ணி கலக்கல மேடம்."

"ஒரு சொட்டு இருந்திருந்தா?"

"அடியில உருண்டு நிக்கும். வண்டியை எழும்ப விடமாட்டேன்."

"ஒரு சொட்டுதானே அண்ணே?"

"நடுவானத்துல இன்ஜின் நின்னா இறங்கித் தள்ளவா முடியும்?"

பெனிட்டா சிரித்துவிட்டாள். சங்கிலி கிண்ணத்திலிருந்ததை வழக்கம்போலத் தரையில் வீசினார். எல்லா மெக்கானிக்குகளும் அப்படித்தான். அவள் மட்டும் ஒரு கேனில் ஊற்றிவைப்பாள்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் மேடம். டெப்போல டீசல்ல கை கழுவுனவன் நான். இந்த ஒரு கிண்ணம் ரெண்டு நிமிஷத்துல காத்தோட போயிரும். இதைப் போய்க் கேன்ல சேக்குறீங்களே, ஏன்?"

பெனிட்டா கிண்ணத்தை வாங்கிச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கொட்டகைக்குப் பின்னால் நடந்தாள். விமானங்கள் நிற்கும் தரையில் விழுந்த மழை அங்கே குட்டையாகத் தேங்கியிருந்தது.

"மொண்டு பாருங்க. அதே சோதனைதான்."

சங்கிலி மொண்டார். தூக்கிப் பிடித்து அடியை உற்றுப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு மேடம்."

"தண்ணியில போய்த் தண்ணியைத் தேடுறீங்க. மேல பாருங்க."

மேலே மெல்லிய ஏடு மாதிரி ஏதோ. சாய்த்தபோது நிறம் நிறமாக நகர்ந்தது. முகர்ந்தார். தெரிந்த வாசனை.

"நான் கொட்டுனதா?"

"நீங்க, உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க. என்னோட முதல் ரெண்டு வருஷமும் இதுல இருக்கு."

கம்பிவேலி இடுக்கில் ஒரு ஆடு நுழைந்து வந்தது. குட்டையை நோக்கிக் கழுத்தை நீட்டியது.

"ஏய்! அந்தப் பக்கம் போ!" சங்கிலி பாய்ந்துபோய்க் குறுக்கே நின்றார், இரண்டு கைகளையும் விரித்தபடி. ஆடு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"ஒரு சொட்டுதானே அண்ணே?" என்றாள் பெனிட்டா.

அவர் கைகளை இறக்கவில்லை.

அவள் தன் பேனாவை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"இனிமே கையெழுத்தை நீங்களே போடுங்க."