மோட்டாருக்கும் ஒரு இ.சி.ஜி.

பெரிய ஆஸ்பத்திரியின் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்பவள் பூவாத்தா. நாலு படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும். இதய நிபுணர் திருஞானம் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கவே இல்லை. இ.சி.ஜி.யைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாங்களா, ஐயா? வால்வு கெட்டுத்தான் எங்கம்மா போய்ச் சேர்ந்துச்சுங்க."

"இதயத்துல கரண்ட் ஓட்டம் ஒழுங்கா இருக்கு. அப்போ வால்வும் ஒழுங்குதான். எல்லாம் உன் மனப்பிரமை, போம்மா!"

பெண்ணுக்கு மூச்சு முட்டினால் மேதைகளுக்கு வேறென்ன தோன்றும்?

மறுநாள் காலை மேதையின் குவார்ட்டர்ஸில் குழாய் வறண்டது. முகமெல்லாம் சோப்போடு மோட்டார் அறைக்கு ஓடி வந்தார். பூவாத்தா நிதானமாக மோட்டார் ஸ்விட்சில் டெஸ்டரை வைத்தாள். அது பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் ஒழுங்கா இருக்குங்க ஐயா. தண்ணி வரலைங்கறது உங்க மனப்பிரமைங்க."

"அறிவிருக்கா? கிணத்துல ஃபுட் வால்வு போயிருக்கும்! கரண்ட் இருந்தா வால்வு நல்லா இருக்குன்னு எவன் சொன்னான்?"

"நேத்து நீங்கதானுங்க."

முகத்துச் சோப்பு காயக் காய அவர் ஸ்டெதஸ்கோப்பை வரவழைத்து அவள் நெஞ்சில் வைத்தார். உள்ளே வால்வு புஸ்ஸென்று கசிவது கேட்டது.

குழாயில் தண்ணீர் வந்தது, அவர் எக்கோவுக்கு எழுதிக் கொடுத்த பிறகு.