திரும்பத் திரும்ப வந்தவர்கள்

தில்லைநாயகிக்கு அன்று தலைகால் புரியவில்லை. பின்னே? செவிலியர் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தை அலசும் பொறுப்பு அவள் கையில். எந்த மாணவி இணையப் பாடத்தை எங்கே நிறுத்தினாள், எங்கே திரும்பிப் போனாள் என்று கணினி புட்டுப்புட்டு வைத்திருந்தது.

மறுநாள் பாடத்திட்டக் கூட்டம். அதற்குமுன் எஸ்தர் மேடத்திடம் காட்ட ஓடிவந்தாள். தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே தனக்குப் பேராசிரியையாக இருந்த அந்த மேடத்தின் புண்ணியத்தில்தான் என்று வாய் ஓயாமல் சொல்கிறவள் அவள்.

"டிரிப்ஸ் சொட்டுக் கணக்கைப் பாடத்திட்டத்துலேர்ந்து எடுத்துடலாம், மேடம்."

"ஏன்?"

"எல்லாரும் அந்தப் பாடத்தோட எட்டாவது நிமிஷத்துலயே சுத்திச் சுத்தி வர்றாங்க. யார் மண்டையிலும் ஏறல. எடுத்துட்டா தேர்ச்சி கூடும்."

"நோயாளிக்கு டிரிப்ஸ் போடும்போது?"

நாயகி கொண்டுவந்த அறிக்கையைப் புரட்டினாள்.

"சரி, எனக்குச் சொல்லு. ஒரு மணி நேரத்துல நூறு மில்லி ஏறணும். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?"

"நூறை அறுபதால வகுக்கணும். முப்பத்து மூணு சொட்டு."

"புரியலையே. திரும்பச் சொல்லு."

சொன்னாள்.

"இன்னும் புரியல. திரும்பச் சொல்லு."

நாயகிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலமெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவருக்கா புரியாது! பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தாளில் வகுத்துக் காட்டினாள். ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே வந்தது. முப்பத்து மூன்று எங்கே?

பேனா நின்றுவிட்டது. டிரிப்ஸ் குழாயில் ஒரு மில்லிக்கு இருபது சொட்டு விழும். அந்த இருபதால் பெருக்க வேண்டும் என்பதை அவள் சொல்லவே இல்லை.

அவசரமாகச் செல்போனில் பாடத்தைப் போட்டாள். பாடம் நடத்தியிருந்தது அவளேதான். எட்டாவது நிமிஷம். அங்கேயும் அந்தப் பெருக்கலைச் சொல்லாமல் தாண்டிப் போயிருந்தாள்.

"ஐயோ, மேடம்! நாளைக்கு இதைத் தூக்கியே போட்டிருப்பேன்." கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"எனக்கெதுக்கு? நான் ரெண்டு தரம்தான் கேட்டேன். அந்தப் பிள்ளைங்க சலிக்காம வந்து கேட்டிருக்காங்க."

"அவங்க முகத்தைக்கூட நான் பார்த்ததில்லையே மேடம். அவங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்?"

எஸ்தர் மேடம் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"விட்டுப்போன அந்த வரியைச் சொல்லிக்கொடு."