தலைப்பால் கடைசியில் வந்த கதை

அந்தக் காலத்தில் காக்கைக்கும் பேச்சு இருந்தது, அடுப்பு நெருப்புக்கும் பேச்சு இருந்தது.

அப்போது பொருநை ஆற்றங்கரையில் ஆவுடையம்மை என்றொருத்தி, மகள் குழல்வாய்மொழிக்குக் கல்யாணம் முடித்தாள். மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுவீட்டு விருந்து. கல்யாணப் பந்தியில் சம்பந்தி குற்றாலலிங்கம் காரக்குழம்பைத் தொட்டுவிட்டு, கண்ணில் நீர் வழிய எழுந்து போனதை ஊரே பார்த்திருந்தது. "பொண்ணும் இப்படித்தான் எரிப்பாளோ?" என்று அவர் வீட்டுப் பெண்கள் சிரித்தது காதில் விழுந்து, குழல்வாய்மொழி அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"இன்னைக்கு மிளகாய்த்தூளே கிடையாது, தேங்காய்ப்பால்லயே குழம்பு" என்றாள் தாய்.

முதலில் பிழிந்த தலைப்பால் வெண்ணெய்போலக் கெட்டியாக இருந்தது. அதையே முதலில் பானையில் ஊற்றினாள். நெருப்பு தாவி எழுந்தது. பால் திரிந்து, எண்ணெய் ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

"பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!"

"வாசம் இழுத்துச்சு, எட்டிப் பார்த்தேன். நான் தொட்டா கொதிக்கத்தானே செய்யும்?" என்றது நெருப்பு.

கூரையிலிருந்து காக்கை கத்தியது: "ஏ ஆவுடை, சம்பந்தி வண்டி ஆத்தைத் தாண்டிட்டு!"

மிச்சம் இருந்தது நாலே தேங்காய். மகள் துருவ, தாய் பிழிந்தாள். தலைப்பாலைக் கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்தாள். சக்கையில் தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்த நீர்ப்பாலை மட்டும் அடுப்பில் ஏற்றி, அதில் முருங்கைக்காயையும் பாசிப்பருப்பையும் வேகவிட்டாள்.

"கெட்டிப்பால் எங்கே?" என்று நெருப்பு நாக்கை நீட்டியது.

"தீர்ந்து போச்சு."

காய் வெந்ததும் பானையை இறக்கினாள். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு, தலைப்பாலை மெல்ல ஊற்றிக் கலக்கினாள். குழம்பு திரியவில்லை. பூப்போல வெளுத்து, கரண்டியை விட்டு இறங்க மனமில்லாமல் நின்றது.

"அங்கே என்ன பண்றே?"

"உன் வேலையைப் பாரு."

பந்தியில் சம்பந்தி விரல் நுனியால் தொட்டு, பயந்து பயந்து நாக்கில் வைத்தார். கதவோரம் குழல்வாய்மொழி மூச்சைப் பிடித்து நின்றாள். ருசியில் அவர் கண் மூடியது, சற்று நேரம் திறக்கவேயில்லை. பிறகு சோற்றில் பெரிய குழியாகப் பறித்தார்.

"தங்கச்சி, குழி நிறைய ஊத்துங்க!"

"மெதுவாச் சாப்பிடுங்க அண்ணாச்சி, பானை நிறைய இருக்கு."

"இப்படி ஒரு கை எங்க வீட்டுக்கு வருதுன்னா, நாங்க குடுத்து வச்சவங்க" என்றார் அவர், மருமகளைப் பார்த்து. அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அன்று முதல்தான் மறுவீட்டு விருந்துக்கு இந்தத் தேங்காய்ப்பால் குழம்பை, சொதி என்று பெயர் சொல்லி வைக்கிறார்கள். இறக்கிய பிறகே அதில் தலைப்பாலைச் சேர்க்கிறார்கள். அந்த ருசி எப்படி இருக்கும் என்று நெருப்புக்கு மட்டும் இன்னும் தெரியாது.