பின்பெஞ்சில் எழுதியவர்கள்

"முன்னுரை தர மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே, அம்மா?"

இருதயராஜ் உட்காரக்கூட இல்லை. பல்கலைக்கழகக் கல்வியியல் துறையின் தலைவர், வயது ஐம்பத்தைந்து. எம்.எட். படிப்பு தொடங்கி அறுபது ஆண்டு ஆனதற்காக அவர் எழுதிய துறை வரலாறு வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டும். தனக்குப் பாடம் சொன்ன செண்பகவல்லி அம்மாவின் கையெழுத்து இல்லாமல் எந்த விழாவும் அவருக்கு இனிக்காது.

"எல்லாரையும் எழுதிட்டியா?"

"ஒருத்தரையும் விடலைம்மா. பேராசிரியர்கள், துணைவேந்தர்கள், தேறின ஆயிரத்து நானூறு பேர், எல்லாரும் இருக்காங்க."

பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை. அச்சுப்படியை மேசைமேல் வைத்தார்.

அம்மா அதைத் திறக்கவில்லை. பீரோவிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துப் பக்கம் விரித்துக் கொடுத்தார்.

"படி."

விமர்சன வகுப்பு நோட்டு. ஒரு எம்.எட். மாணவர் பள்ளியில் பாடம் நடத்துவார். மற்றவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து குற்றம் குறை எழுதுவார்கள். எழுதாதவருக்கு மதிப்பெண் கிடையாது. துறை பிறந்ததிலிருந்து இதுதான் வழக்கம்.

"நடத்தியவர் மரகதம். ஏழாம் வகுப்பு, அறிவியல். பாடம் பாதியில் நின்றது. தேர்ச்சி இல்லை."

கீழே அம்மாவின் கையெழுத்து.

"ஏன் நின்னுது?"

"மூணாவது வரிசையில ஒரு பொண்ணு வலிப்பு வந்து விழுந்தா. மரகதம் சாக்பீஸைப் போட்டுட்டு ஓடித் தூக்கினா. ஒத்தை ஆளால முடியலை."

"பின்னால இருந்தவங்க?"

"பதினொரு பேரும் எழுதிக்கிட்டிருந்தாங்க. நானும்தான்."

இருதயராஜ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. மரகதம் அதோட படிப்பை விட்டுட்டா."

அவர் பக்கத்தைப் புரட்டினார். பதினொரு விமர்சனங்கள். 'வகுப்புக் கட்டுப்பாடு போதாது.' 'கரும்பலகையை அழிக்காமல் சென்றார்.' ஏழாவதில் கண் நின்றுவிட்டது. 'நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை.'

இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. இன்றைக்கும் அவர் அப்படித்தான் எழுதுகிறார்.

எப்படி மறந்தோம்? பிள்ளை இறந்த செய்தி வந்த சாயங்காலம் மெல்ல ஞாபகம் வந்தது. மறுநாள் உளவியல் தேர்வு இருந்ததும், அதற்கு உட்கார்ந்து படித்ததும் ஞாபகம் வந்தன. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அம்மா அச்சுப்படியை இழுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். பேனாவை நீட்டினார்.

"அந்தப் பொண்ணோட பேரை இங்கே எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

இருதயராஜ் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். ஓரங்களில் பார்த்தார். அட்டைவரை தேடினார்.

"பேரை யாருமே எழுதலையேம்மா. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா முப்பது வருஷமா இந்த நோட்டை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேனா?"