மணி அடிக்காத மாநாடு

குரு வடிவாம்பிகையைவிடச் சீடர் ஆலாலசுந்தரம் வயதில் மூத்தவர். ஆனாலும் ‘அம்மா’ என்றுதான் அழைப்பார். தாமிரபரணிக் கரையில் இருந்த அவர்கள் ஆசிரமத்தில் ஆண்டுதோறும் மாநாடு நடக்கும். மணி அடிப்பது சுந்தரத்தின் பொறுப்பு. பேச்சாளர் நேரம் தாண்டினால் அடிக்க வேண்டும். பெரிய மனிதர் என்றால் தயங்குவார். அப்படிப் போன நேரத்தையெல்லாம் கடைசியில் வரும் கேள்வி நேரத்தில் பிடித்துக்கொள்வார்.

இந்த ஆண்டு குரு மேடையே வேண்டாம் என்றுவிட்டார். பேச்சாளர் இல்லை, மாலை மரியாதை இல்லை. பேச ஏதாவது இருப்பவர் காலைக் கூட்டத்தில் எழுந்து எதைப் பற்றி என்று மட்டும் சொல்லிவிட்டு, தோப்பில் ஒரு மரத்தடியில் போய் உட்கார வேண்டும். விருப்பமுள்ளவர்கள் அங்கே போகலாம். பிடிக்காவிட்டால் அடுத்த மரத்துக்கு நடக்கலாம்.

“யாரும்மா இந்த யோசனையக் கொடுத்தது?” என்றார் சுந்தரம்.

“எனக்கே தோணுச்சு.”

சுந்தரம் நம்பவில்லை. தன்னை ஓரங்கட்ட யாரோ காய் நகர்த்துகிறார்கள் என்றுதான் அவருக்குப் பட்டது.

“மேடைய ஏன் எடுத்தீங்க? அதையாவது சொல்லுங்க.”

“தோப்புக்குப் போங்க ஐயா. அங்க தெரியும்.”

போனார். ஒரு மரத்தடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கிட்டே போனதும் நின்றுவிட்டது.

“என்ன பேசிட்டிருந்தீங்க?”

“சர்க்கரை வியாதி பத்தி ஐயா.”

“அதுக்கா சிரிச்சீங்க?”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வெற்றிலை மடித்துக் கொடுத்தவரையும் சந்தேகித்தார், தண்ணீர் கொண்டுபோனவரையும் சந்தேகித்தார்.

தோப்பின் கோடியில் ஒரு பெரிய மருதமரம். அதன் அடியில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் போகவில்லை. இவர் ஏன் எழுந்து போகாமல் இருக்கிறார்? யாருக்காகக் காத்திருக்கிறார்? சூத்திரதாரி இங்கேதான் வரப்போகிறான் என்று முடிவுகட்டிய சுந்தரம், சத்தமில்லாமல் மரத்தின் மறுபக்கம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் அந்த மனிதர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

“எங்க அண்ணன் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரில கிடக்காரு. ஒரு சுவருக்காகச் சண்டை போட்டு, எங்களுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. போன வருஷம்கூட வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டிருந்தாரு. இப்ப ஆளை அடையாளம் தெரியுதோ என்னவோ. எந்த முகத்தோட போய் நிக்க?”

யாரிடம் பேசுகிறார்? சுந்தரத்துக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது. நடுவில் ஒரு பெயராவது நழுவி விழும் என்று மூச்சை அடக்கிக் கேட்டார். சுவர் கட்டிய கதை வந்தது. அண்ணன் தோளில் ஏறித் திருவிழா பார்த்த கதை வந்தது. அவர் அழுதார். மறுபடி பேசினார். கடைசிவரை எந்தப் பெயரும் விழவில்லை.

மாலையில் அந்த மனிதர் குருவிடம் விடைபெற வந்தார். சுந்தரம் பக்கத்தில் நின்றார்.

“அம்மா, நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன். அண்ணனப் பாத்துரணும்.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லலம்மா. காலைல கூப்பிட்டதுக்கு ஒருத்தரும் வரல. எந்திரிச்சுப் போயிரலாம்னு இருந்தேன். அப்ப ஒரு ஐயா வந்து மரத்துக்கு அந்தப் பக்கம் உட்காந்தாரு. வேட்டி ஓரம்தான் தெரிஞ்சுது. நான் அழுதா பாக்கக்கூடாதுன்னு முகத்தத் திருப்பிக்கிட்டாரு போல. புத்தி சொல்லல, குறுக்க பேசல. முழுசாக் கேட்டாரும்மா. யாருன்னு தெரிஞ்சா நான் கும்பிட்டதாச் சொல்லுங்க.”

அவர் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

குரு சுந்தரத்தின் சட்டை முதுகில் ஒட்டியிருந்த மரப்பட்டைத் தூளைத் தட்டிவிட்டார்.

சுந்தரத்துக்கு வெட்கமாக இருந்தது. “அம்மா, நான் அவருக்காக உட்காரல. வேவு பாக்கத்தான் உட்காந்தேன்.”

“தெரியும் ஐயா.”

“பெறகு ஏன் அவர்ட்ட சொல்லல?”

குரு சாலையைப் பார்த்தார். பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது.

“மேடைய ஏன் எடுத்தீங்கன்னு கேட்டீங்கள்லா? போன வருஷம் கேள்வி நேரத்துல அவர் எந்திரிச்சு, ‘எங்க அண்ணன்’னு ஆரம்பிச்சாரு. நீங்க மணி அடிச்சீங்க.”