சிறுமலை வேன்களும் ஒரு சத்தியமும்

விடை தெரிந்துவிட்டது என்று பாதியிலேயே கை தூக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதையில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள் பலர், பிறகு அதை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். முழுதும் கேளுங்கள்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி. அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கான எம்.பி.ஏ. படிப்புக்குப் பொறுப்பாளர் பேராசிரியை செண்பகவல்லி. பகலெல்லாம் உழைத்துக் களைத்து வருகிறவர்களிடம் கடல் கடந்த கம்பெனிகளின் கதையைச் சொன்னால் தூக்கம் வராமல் என்ன வரும்? பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவருக்கே உறைத்தது. பாடத்திட்டத்தை அடியோடு மாற்றினார். இனி வகுப்பு ஞாயிற்றுக்கிழமைதான். ஒவ்வொருவரும் தாம் வேலை பார்க்கும் இடத்துச் சிக்கல் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வகுப்பே கூடி அதை அவிழ்க்க வேண்டும்.

ஆனால் சோறு போடுகிற இடத்தின் குறையை நாலு பேர் முன்னால் யார் வாய் திறந்து சொல்வார்கள்? அதற்காக முதல் நாளே எல்லாரிடமும் ஒரு சத்தியம் வாங்கினார். இங்கே கேட்டது இந்த அறையைத் தாண்டக் கூடாது. மீறினால் படிப்பிலிருந்து நீக்கம். தாமும் அந்தச் சத்தியத்தைச் செய்தார்.

ஒரு ஞாயிறு, அருள்தாஸின் முறை வந்தது. அவர் ஒரு நூற்பாலையில் போக்குவரத்து மேலாளர். சிறுமலைக் கிராமங்களிலிருந்து பெண்களை ஆலைக்கு அழைத்து வரும் வேன்கள் அவர் பொறுப்பு.

"பிரேக்கெல்லாம் தேஞ்சு போச்சு மேடம். முதலாளிகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன். ஆர்டர் முடியட்டும், அப்புறம் பாக்கலாங்கிறாரு. நான் என்னதான் செய்யிறது?"

வகுப்பு சூடு பிடித்தது. வேனை நிறுத்தினால் உற்பத்தி எவ்வளவு குறையும், வாடகை வண்டி கட்டுப்படியாகுமா, முதலாளிக்கு அறிக்கையை எப்படி எழுதுவது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பலகை நிறையக் கணக்கு. தாம் ஆசைப்பட்ட வகுப்பு இதுதான் என்று செண்பகவல்லிக்கு மனம் குளிர்ந்தது. "அருமையான கேஸ், அருள்தாஸ்" என்று பாராட்டி, அந்த வருடத்திலேயே உயர்ந்த மதிப்பெண்ணைப் போட்டார். எல்லாரும் கலைந்தார்கள். வேன்கள் மறுநாளும் மலையேறுவதாகவே இருந்தன.

அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் சுகந்தி. கூட்டுறவு வங்கியில் எழுத்தர். மேலாளராக வேண்டுமானால் இந்தப் படிப்பை முடித்தாக வேண்டும். அவள் தங்கை வளர்மதி சிறுமலையில் வாழ்க்கைப்பட்டவள். தினமும் அந்த வேனில்தான் ஆலைக்கு இறங்குகிறாள். சுகந்தி சாயங்காலமே போன் செய்தாள்.

"நாளையிலேருந்து வேன்ல ஏறாதடி. பிரேக் சரியில்லையாம்."

தன் உயிர் மட்டும் பிழைத்தால் போதும் என்று வளர்மதியால் இருக்க முடியவில்லை. கூட வருகிற பெண்களிடமும் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை ஒரு பெண்ணும் வேனில் ஏறவில்லை. விஷயம் அதிகாரிகள் வரை போய், வண்டிகளைச் சோதித்தார்கள். எந்த வளைவிலும் உருண்டிருக்கும் என்றார்கள். ஆலையில் முதலாளியைத் தவிர பிரேக் விஷயம் தெரிந்தவர் அருள்தாஸ் ஒருவர்தானே? ஆலை அவரை வேலையைவிட்டு நீக்கியது.

தங்கையிடம் சொன்னது சுகந்திதான் என்பதும் அதற்குள் வெளியே வந்துவிட்டது. அருள்தாஸ் செண்பகவல்லியிடம் வந்தார். அவரிடம் கோபமே இல்லை, அதுதான் செண்பகவல்லிக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"உசுரு தப்பிச்சது பெருசுதான் மேடம். ஆனா உங்க சத்தியத்த நம்பித்தானே வாயத் தொறந்தேன்? சுகந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

செண்பகவல்லி கூப்பிட்டனுப்பியிருந்த சுகந்தியும் அங்கே இருந்தாள். "கேட்டா வேணாம்னுடுவீங்களோன்னு பயந்துட்டேன் சார். சொன்னாலும் பாவம், சொல்லாட்டியும் பாவம். நான் என்ன பண்ணுவேன்?"

அவளை நீக்காவிட்டால் இனி இங்கே யாரும் மனம் விட்டுப் பேசமாட்டார்கள், புதிய படிப்பே படுத்துவிடும் என்றது வகுப்பில் ஒரு பாதி. உயிரைக் காத்தவளை நீக்கினால் அது படிப்பே இல்லை என்றது மறுபாதி. நீக்கல் உத்தரவு செண்பகவல்லியின் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

நம்பிக்கை வைத்து வாய் திறந்தவர் அருள்தாஸ். சத்தியத்தை மீறியவள் சுகந்தி. கடைசிவரை அதைக் காத்தவர் செண்பகவல்லி. சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சுகந்தி செய்ததே சரி. பேசுகிறவரைக் காப்பதற்காக ஏற்பட்டது அந்தச் சத்தியம். அந்த அறையில் இல்லாத பெண்களின் உயிரை அடகு வைக்க அங்கே யாருக்கும் உரிமை இல்லை. அருள்தாஸிடமும் பிழை இல்லை. அவர் பாடம் நடத்த வரவில்லை, உதவி கேட்டு வந்தார். பிழை, காத்தவரிடம்தான். சத்தியத்தை வாங்கியவர் அவர். தளர்த்தும் அதிகாரமும் அவருக்கே இருந்தது. அருள்தாஸின் சம்மதத்தோடு, தம் பெயரிலேயே அன்றைக்கே அவர் புகார் கொடுத்திருந்தால் பெண்களும் பிழைத்திருப்பார்கள், அருள்தாஸின் பிழைப்பும் தப்பியிருக்கலாம். செண்பகவல்லி இதைத் தாமே உணர்ந்து உத்தரவைக் கிழித்தார். உயிருக்கு ஆபத்தென்றால் சத்தியம் செல்லாது என்று விதியை மாற்றினார். அருள்தாஸ் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டார். அவர் மன்னித்தார். வேலை மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.